ஒருமுறையேனும் சரியாக அழையுங்கள்

"தந்தையே, கல்லறையிலாவது என் அப்பாவை ஒருமுறை சரியாகப் பெயர் சொல்லி அழையுங்கள்."

இச்சொற்களை நான் கேட்டது பதினேழு ஆண்டுகளுக்கு முன், நெதர்லாந்து நாட்டின் தென்பகுதியாகிய பிரபாண்டில், மழையும் குளிர்காற்றும் கலந்து வீசிய ஒரு காலை வேளையில். அங்குள்ள ஒரு சிற்றூர்ப் பங்கில் உதவிக் குருவாகப் பணியாற்றச் சென்று அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. பங்குத்தந்தை நோயுற்றிருந்தமையால், முதிய விவசாயி ஒருவரின் அடக்கத் திருப்பலியை நிறைவேற்றும் பொறுப்பு என்மீது விழுந்தது. முந்திய இரவு நெடுநேரம் விழித்திருந்து செபங்களையும் வாசகங்களையும் டச்சு மொழியில் உரக்கப் படித்துப் பழகினேன். கடினமான சொற்களின்மேல் அவற்றின் ஒலியைத் தமிழ் எழுத்தில் பென்சிலால் குறித்தும் வைத்தேன். ஆனால் இறந்தவரின் பெயரை எவ்வாறு சொல்வது என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. பெயர்தானே, எழுத்துக் கூட்டிப் படித்தால் வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

அப்பெயரை இங்கு எழுதுவது முறையன்று. அதில் 'ஜி' என்னும் எழுத்து இருமுறையும், 'யு, ஐ' என்னும் இரட்டை எழுத்து ஒருமுறையும் வந்தன என்று வாசகர்கள் அறிந்தால் போதும். நான் அதனை ஆங்கில முறைப்படி வாசித்தேன். முன்வரிசையில் இருந்த குடும்பத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். வேறு யாருடைய அடக்கத்திற்கோ தவறி வந்துவிட்டவர்களைப்போல் அவர்கள் முகம் இருந்தது. திருப்பலியில் ஆறு இடங்களில் அப்பெயர் வந்தது. ஆறு இடங்களிலும் அதே தவறு.

பவனி கல்லறைத் தோட்டத்திற்குப் புறப்படுமுன் அம்முதியவரின் மூத்த மகள் என்னிடம் வந்தார். அவர் முகத்தில் சினம் இல்லை. "எண்பத்தாறு ஆண்டுகளாக யாரும் அவரை அப்படி அழைத்ததில்லை" என்றார். அதன்பின்தான் அந்த வேண்டுகோள். கோவில் வாயிலில் நின்றவாறே அப்பெயரை மூன்றுமுறை சொல்லிக் காட்டினார். நானும் மூன்றுமுறை சொன்னேன். குழியருகே புனித நீர் தெளிக்கும்போது, அவர் கற்றுத் தந்தபடி பெயரைச் சொன்னேன். அதுவரை கண்ணீர் சிந்தாதிருந்த அந்த அம்மையார் அப்போது அழுதார்.

பெயரைக் கண்ணால் படிப்பது வேறு, காதால் கேட்டு வாயால் சொல்வது வேறு என்பதை அன்று உணர்ந்தேன். அதன்பின் அந்நாட்டில் நான் கழித்த ஆண்டுகளில் கற்றுக்கொண்ட சிலவற்றை இங்கு எழுதுகிறேன். ஐந்தோவன் என்று நாம் சொல்லும் எய்ந்தோவென் நகரில் இன்று நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பணிபுரிகின்றனர். அவர்களுக்கும், அவர்களைக் காணச் செல்லும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

எழுத்து ஒன்று, ஒலி வேறு

டச்சு மொழி எழுதப்படுவது ஆங்கிலத்திற்கு உரிய அதே இருபத்தாறு எழுத்துக்களால்தான். தொல்லைக்குக் காரணமே அதுதான். அறியாத எழுத்தாயிருந்தால் யாரையேனும் கேட்டிருப்போம். அறிந்த எழுத்தாயிருப்பதால் கேளாமலே ஆங்கில ஒலியைக் கொடுத்துவிடுகிறோம்.

எளிய ஒன்றிலிருந்து தொடங்குவோம். 'ஜே' என்னும் எழுத்து டச்சுப் பெயர்களில் பெரும்பாலும் யகர ஒலியையே தரும். ஜான் அல்ல, யன்; ஜோஹன் அல்ல, யோஹன். குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது ஜான்சனிசம் என்ற தப்பறையைப் பற்றிப் பல பக்கங்கள் மனப்பாடம் செய்தோம். அக்கொள்கைக்குப் பெயர் தந்த கொர்னேலியுஸ் யன்சென் (1585-1638) தம்மை ஒருநாளும் ஜான்சன் என்று சொல்லிக்கொண்டவரல்லர் என்பதை அங்கு போனபின்தான் அறிந்தேன்.

முகத்தில் உள்ள ககரம்

டச்சு மொழி என்றதும் அயலார் அஞ்சுவது 'ஜி' என்னும் எழுத்தைக் கண்டுதான். 'சி, எச்' என்னும் இரட்டை எழுத்தும் ஏறக்குறைய அதே ஒலியுடையது. தொண்டையைச் செருமுவதுபோன்ற அந்த உரசல் ஒலி ஆங்கிலத்தில் இல்லை. ஆனால் தமிழருக்கு அது முற்றிலும் அந்நியமானதன்று.

'கடல்' என்று சொல்லிப் பாருங்கள்; பிறகு 'முகம்' என்று சொல்லிப் பாருங்கள். எழுதுவது ஒரே ககரம்தான். முதலாவதில் நாவின் அடி மேலண்ணத்தில் நன்றாக ஒட்டி விடுகிறது. இரண்டாவதில் அவ்வாறு ஒட்டாமல், காற்று மெல்ல உரசிக்கொண்டு செல்கிறது. அந்த 'முகம்' என்னும் சொல்லின் ககரத்தைச் சற்று அழுத்தி நீட்டினால் தென் நெதர்லாந்தின் மெல்லிய 'ஜி' ஏறக்குறைய வந்துவிடும். 'எஃகு' என்னும் சொல்லில் ஆய்தத்தை உரசிச் சொல்வதும் இதற்கு நல்ல பயிற்சி. இக்கட்டுரையில் அவ்வொலியை 'ஃக' என்றே குறிக்கிறேன்.

இந்த ஒலியில் அந்நாட்டுக்குள்ளேயே இரு வகை உண்டு. ரைன், வால், மாஸ் ஆகிய பெரிய ஆறுகள் நாட்டின் குறுக்கே ஓடுகின்றன. அவற்றுக்கு வடக்கே, ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில், இவ்வொலி தொண்டையின் ஆழத்திலிருந்து கரகரவென்று வரும். தெற்கே பிரபாண்டிலும் லிம்பர்க்கிலும், எல்லை கடந்து பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸிலும் மென்மையாக வரும். தெற்கத்தியர் இதனை 'மென்மையான ஃகே' என்று பெருமையோடு சொல்லிக்கொள்வர். நெடுங்காலமாகக் கத்தோலிக்கர் மிகுந்திருந்த பகுதியும் அதுவே. எனவே நம்மவர் வாய்க்கு எளிதாக வருவது அங்குள்ள நம் சகோதரரின் ஒலியே எனலாம்.

இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு ஓவியர் வின்சென்ட் வான்கா. அவர் 1853இல் பிரபாண்டின் சுண்டெர்ட் என்ற ஊரில், சீர்திருத்த சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நாம் வான்கா என்றும் வான்கோ என்றும் எழுதுகிறோம். ஆங்கிலேயர் வான்காஃப் என்பர். அவருடைய நாட்டார் 'ஃபன் ஃகொஃக்' என்பர். முதலிலும் இறுதியிலும் அதே உரசல் ஒலி. 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரிலிருந்து தம் தம்பி தெயோவுக்கு எழுதிய கடிதமொன்றில், கண்காட்சிப் பட்டியலில் இனித் தம் பெயரை வின்சென்ட் என்று மட்டும் குறிக்கும்படி கேட்டுக்கொண்டார். இங்குள்ளவர்களுக்குத் தம் குடும்பப் பெயரைச் சொல்ல வராது என்பதே அவர் காட்டிய காரணம். அவர் கையொப்பமிட்ட ஓவியங்களிலும் 'வின்சென்ட்' என்ற ஒரு சொல்லையே காண்கிறோம். அயலார் நாவுக்கு அஞ்சி, தந்தை தந்த பெயரையே ஒரு மனிதர் ஒதுக்கி வைக்க நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள்.

குவிந்த உதடுகள்

அடுத்து உயிரொலிகள். 'ஐ, ஜே' சேர்ந்து வந்தால் 'எய்' என்று ஒலிக்கும். 'ஈ, ஐ' சேர்ந்தாலும் அவ்வாறே. ஓவியர் ரெம்பிராண்டின் (1606-1669) முழுப்பெயரில் உள்ள குடும்பப் பெயர் 'ஃபன் ரெய்ன்'. கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ரா (1930-2002) கணினி பயிலும் நம் மாணவர்களுக்குத் தெரிந்த பெயர். பலர் அதனை டிஜ்க்ஸ்ட்ரா என்று எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் கேட்டிருக்கிறேன். இந்த 'ஐ, ஜே' இரண்டையும் டச்சுக்காரர் ஏறக்குறைய ஓரெழுத்தாகவே கருதுகின்றனர். ஊரின் பெயரோ ஆளின் பெயரோ அவற்றால் தொடங்கினால் இரண்டையுமே பெரிய எழுத்தாக எழுதுவர்.

'ஓ, ஈ' சேர்ந்தால் வெறும் உகரம். சில இடங்களில் ஊகாரம். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் காயமுற்றோர்க்குத் தொண்டு செய்த போரைப் 'போயர் யுத்தம்' என்று நம் நூல்கள் எழுதின. விவசாயி என்று பொருள்படும் அச்சொல்லை டச்சுக்காரர் 'பூர்' என்றே சொல்வர்.

தமிழில் இல்லாத மூன்று ஒலிகள் உண்டு. மூன்றுக்கும் வழி ஒன்றே: சீட்டியடிப்பதுபோல் உதடுகளைக் குவிக்க வேண்டும். உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' என்றால் உட்ரெக்ட் என்று நாம் எழுதும் பேராயர் நகரின் முதல் ஒலி வரும். உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஏ' என்றால் 'ஈ, யு' என்னும் இரட்டை எழுத்தின் ஒலி வரும். மொலக்காய் தீவின் தொழுநோயாளருக்காகத் தம்மையே கையளித்து 1889இல் உயிர்நீத்து, 2009இல் புனிதராக உயர்த்தப்பட்ட தந்தை தமியானின் குடும்பப் பெயர் 'தெ ஃபேஸ்டெர்'. அதிலுள்ள ஏகாரம் இந்தக் குவிந்த ஏகாரமே. அவர் பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில், ட்ரேமெலோ என்ற ஊரில் 1840இல் பிறந்தவர்.

உதட்டைக் குவித்துக்கொண்டு 'எய்' என்றால் 'யு, ஐ' என்னும் இரட்டை எழுத்தின் ஒலி வரும். அன்று என்னைக் காலைவாரி விட்டது இதுவே. ஒளி அலைகளாகப் பரவுகிறது என்று விளக்கிய அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் (1629-1695) என்று நம் பாடநூல்களில் படிக்கிறோம். ஹை என்னும் இடத்தில் இருக்கவேண்டியது இந்தக் குவிந்த ஒலி. கன் என்னும் இடத்தில் இருக்கவேண்டியது 'முகம்' என்பதன் ககரம். கால்பந்து வீரர் யோஹன் கிரைஃப் (1947-2016) பெயரிலும் இதே ஒலியே உண்டு.

நமக்கு எளியவை

கடினமானவற்றையே சொல்லிக்கொண்டிருந்தால் வாசகர் சோர்ந்துவிடுவர். ஆங்கிலேயருக்குக் கடினமாகி நமக்கு எளிதாக வருவனவும் உண்டு. ஆங்கிலேயர் ப, ட, க ஒலிகளைச் சொல்லின் தொடக்கத்தில் சொல்லும்போது மூச்சு வெடித்து வரும். டச்சுக்காரருக்கும் நமக்கும் அவ்வாறு வருவதில்லை. 'டபிள்யூ' என்னும் எழுத்து அங்கே நம் வகரம்தான். 'வில்லெம்' என்ற பெயரை 'வீடு' என்னும் சொல்லின் வகரத்தோடு சொன்னால் போதும். 'வி' என்னும் எழுத்தே வேறுபடுகிறது. குறிப்பாக வடக்கே அது ஃபகரத்தை நெருங்கிவிடும்.

சொல்லின் இறுதியில் உள்ள 'டி' என்னும் எழுத்து வல்லொலியாக, 'பாட்டு' என்பதன் டகரம்போல் ஒலிக்கும். 'ஈ, என்' என்று முடியும் பெயர்களில் இறுதி னகரத்தைப் பலர் விழுங்கிவிடுவர். நெய்மேஃகென் நகரத்தார் பலர் தம் ஊரை நெய்மேஃகெ என்றே சொல்வர். 'எஸ், சி, எச்' என்று ஒரு பெயர் முடிந்தால் வெறும் ஸகரமே ஒலிக்கும். பிரபாண்டின் ஆயர் நகரைப் பேச்சு வழக்கில் 'டென் போஸ்' என்பர். நான் முதல் மாதம் முழுவதும் டென் போஷ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருவரும் திருத்தவில்லை. அயலார் தவறினால் மௌனமாகப் பொறுத்துக்கொள்வதும், உடனே ஆங்கிலத்திற்கு மாறிவிடுவதும் அந்நாட்டார் இயல்பு. எனவே நாமாகக் கேட்டாலன்றி நம் தவறு நமக்குத் தெரியாது.

உயிரைக் காக்கும் ஒலி, உயிரைப் பறிக்கும் ஒலி

'எஸ், சி, எச்' ஒரு பெயரின் தொடக்கத்தில் வந்தால் ஸகரமும் உரசும் ககரமும் அடுத்தடுத்து ஒலிக்கும். ஹேக் நகரின் கடற்கரைப் பகுதியாகிய 'ஸ்ஃகேவெனிங்கென்' இதற்குச் சான்று. 1940 மே மாதம் ஜெர்மானியப் படை நெதர்லாந்தின்மீது பாய்ந்தபோது, சந்தேகத்திற்கு இடமானவர்களை இவ்வூரின் பெயரைச் சொல்லச் சொல்லிச் சோதித்தனர் என்று அந்நாட்டார் இன்றும் கூறுவர். ஜெர்மானியர் அவ்வெழுத்துக்களை ஷகரமாகவே ஒலிப்பர். ஆகவே நாவே காட்டிக் கொடுத்துவிடும்.

இதைக் கேட்டதும் நீதித் தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரம் நினைவுக்கு வரவில்லையா? யோர்தான் துறையில் கிலயாதியர் ஒவ்வொருவரையும் 'ஷிபோலத்' என்று சொல்லச் சொன்னதும், எப்ராயிமருக்கு அந்த ஷகரம் வராமற்போனதும், அதனால் நாற்பத்தீராயிரம் பேர் மடிந்ததும் அங்கே எழுதப்பட்டுள்ளன. ஒரு மெய்யொலியை வேலியாகவும் வாளாகவும் மனிதர் பயன்படுத்த முடியும்.

அதே ஸ்ஃகேவெனிங்கென் பகுதியில் இருந்த சிறையில்தான் 1942இல் கார்மேல் சபைக் குரு ஒருவர் அடைக்கப்பட்டார். நெய்மேஃகென் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகவும் ஓராண்டு அதன் தலைவராகவும் இருந்தவர் அவர். நாசிக் கட்சியின் விளம்பரங்களைக் கத்தோலிக்க இதழ்கள் வெளியிடலாகாது என்ற ஆயர்களின் முடிவை ஆசிரியர்களிடம் நேரில் எடுத்துச் சென்றதே அவர் செய்த 'குற்றம்'. அவ்வாண்டு சூலை 26 அன்று டாக்காவ் வதைமுகாமில் நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். அவரே தீத்துஸ் பிரன்ஸ்மா.

அவர் பெயரை ஆங்கில வழியில் டைட்டஸ் என்று பலர் சொல்லக் கேட்கிறேன். அவருடைய மக்கள் அவ்வாறு சொல்வதில்லை. முதல் எழுத்தை 'தீ' என்றோ 'டீ' என்றோ சொன்னால் அவர்கள் காதுக்கு அண்மையில் இருக்கும். தூய பவுல் தம் சீடருக்கு எழுதிய திருமுகத்தை நம் முன்னோர் 'தீத்து' என்றே பெயரிட்டு அழைத்தனர். நாம் ஆங்கிலத்தை நாடாமல் நம் விவிலியத்தை நாடியிருந்தாலே ஏறக்குறையச் சரியாகச் சொல்லியிருப்போம்!

ஒல்லாந்தரும் நம் முன்னோரும்

பெயர் வாயில் நுழையாத இடர்ப்பாடு புதிதன்று. முற்காலத்தில் டச்சு அறிஞர்கள் தம் பெயர்களை இலத்தீனாக்கிக்கொண்டனர். ஹூஃகோ தெ ஃக்ரோட் என்பவர் குரோசியுஸ் ஆனார். 1521இல் நெய்மேஃகெனில் பிறந்து பின்னாளில் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட புனித பேதுரு கனிசியுஸின் குடும்பப் பெயர் கனிஸ் என்பதே.

நம் கரையிலும் இக்கதை நடந்தது. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டி அதற்கு 'ஃகெல்ட்ரியா' என்று தம் நாட்டு மாநிலமொன்றின் பெயரைச் சூட்டினர் டச்சுக்காரர். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில் இருந்தது. நம் முன்னோர் ஹாலந்தை ஒல்லாந்து என்றும், அந்நாட்டாரை ஒல்லாந்தர் என்றும் தம் காதுக்கு எட்டியவாறு அழைத்தனர். அவர்களுடைய 'யு, ஐ' ஒலி நம்மவர் காதில் உகரமாக விழுந்ததுபோலும். அவ்வொலியுடைய ஒரு சிறு செப்புக்காசின் பெயர் நம்மிடம் 'துட்டு' ஆயிற்று. 'வீடு' என்று பொருள்படும் அவர்களுடைய சொல், வீட்டின் ஒதுக்குப்புறத்தில் இருக்கும் ஓர் இடத்தின் பெயரில் 'கூசு' ஆகி நின்றது; அம்முழுச் சொல்லை வாசகரே அறிவர். இவை பொருட்பெயர்கள், மக்கள் மொழிக்கேற்ப மாறுவது இயல்பு. ஓர் ஊரின் பெயர்கூட அவ்வாறு மாறலாம். ஆனால் நம்முன் நிற்கும் ஒரு மனிதரின் பெயர் அவருக்கே உரியது.

2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அப்பத்துப் பேரில் தீத்துஸ் பிரன்ஸ்மாவும் இருந்தார். நம் மண்ணின் மறைச்சாட்சி தேவசகாயமும் இருந்தார். ஒல்லாந்தக் கம்பெனியின் பணியில் வந்து 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தவர் நம் தேவசகாயம். அன்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அயல்நாட்டார் 'தேவசகாயம்' என்று சொல்ல முயல்வதை நம்மில் எத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம்! அதே வேளையில் நெதர்லாந்தின் இல்லங்களில் அவர்களும் தங்கள் புனிதரின் பெயருக்காக அவ்வாறே காத்திருந்திருப்பர்.

கேளுங்கள்

முடிவாக, நான் பின்பற்றிவரும் முறையைச் சொல்லி நிறுத்துகிறேன். புதியவர் ஒருவரைச் சந்தித்தால், "உங்கள் பெயரை நீங்கள் எவ்வாறு சொல்வீர்கள்?" என்று அவரையே கேட்கிறேன். அவர் சொன்னதைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்கிறேன். அவர் முன்னிலையில் மூன்றுமுறை சொல்லிப் பார்க்கிறேன். 'உங்கள் பெயர் வாயில் நுழையவில்லை' என்று சிரித்து ஒதுக்குவதில்லை. என் வசதிக்காக அதனைச் சுருக்குவதும் இல்லை. 'ஃபன்', 'தெ' போன்ற முன்னொட்டுக்களும் பெயரின் பகுதியே, அவற்றை விட்டுவிடுவதில்லை. முழுச்செம்மையாக வராவிட்டாலும் குற்றமில்லை. நாம் முயல்கிறோம் என்பதை எதிரிலிருப்பவர் கண்டுகொள்வார். அதுவே பெரிய மரியாதை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அந்த அம்மையார் பங்கு இல்லத்திற்கு வந்தார். தாம் சுட்ட ஆப்பிள் பணியாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "தந்தையே, உங்கள் ஊரின் பெயர் என்ன? நீங்கள் சொல்வதுபோலவே சொல்லுங்கள்" என்று கேட்டார். என் ஊரின் பெயரில் ழகரம் உண்டு. அவர் நாவை மடித்தும் சுழற்றியும் பத்துத் தடவை முயன்றார். பத்தாவது முறையும் சரியாக வரவில்லை. ஆனால் அத்தனை தொலைவில், அத்தனை குளிரில், என் ஊரில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.